பேதி இலை மருமகன்

கல்யாண வீடுகளில் என் மாமனார் தன் மருமக்களை அறிமுகம் செய்யும் அழகைப் பார்க்க வேண்டும். முதலில் பெரிய மருமகனின் தோளில் கை போடுவார். "மூத்தவரு. கேன்சர் மருந்துக்கு மூலிகை எக்ஸ்போர்ட் பண்ணுதாரு" என்பார். எதிரே நிற்பவர் காப்பி டம்ளரை அவசரமாக இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டுவார். பிறகு மாமனாரின் கை என் பக்கம் திரும்பும். தோள் வரை வராது. டிராபிக் போலீஸ்காரர் கை மாதிரி நடுவழியில் காற்றில் நின்றுவிடும். "இவரு சின்னவரு. இவரும் இலைதான்."

அத்தோடு விட்டால் பரவாயில்லை. "என்ன இலை?" என்று கேட்பதற்கென்றே எல்லாக் கல்யாணத்திலும் ஓர் ஆள் இருப்பார். "பந்தி ஆரம்பிச்சுட்டுல்லா, போங்க போங்க, அப்புறம் எடம் கிடைக்காது" என்று மாமனார் அவரை நகர்த்திவிடுவார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தை நகர்த்த அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

என்ன இலை என்று நானே சொல்லிவிடுகிறேன். அவுரி. வெளியூர்க்காரர்கள் நிலவாகை என்பார்கள். கப்பல் காகிதங்களில் சென்னா என்று இருக்கும். சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டு ஓரங்களிலும் விளாத்திகுளம் கரிசலிலும் மழை பெய்தும் பெய்யாமலும் வளர்கிற செடி. இலையையும் காயையும் வாங்கி, உலர்த்தி, குச்சியும் கல்லும் போகப் புடைத்து, பச்சை நிறம் வெளுக்காமல் அழுத்திப் பேல் பொதியாகக் கட்டித் தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஏற்றி அனுப்புவது என் தொழில். ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட ஒரு குடோன் இருக்கிறது. இந்த இலை உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் செய்கிற காரியம் ஒன்றுதான். இரவு சாப்பிட்டவரைக் காலையில் எழுப்பி, போக வேண்டிய இடத்துக்கு அனுப்பி வைக்கும். எங்கோ குளிர் தேசத்தில் ஒரு பெரிய மனிதர் விடிந்ததும் நிம்மதியாகச் சிரிக்கிறார் என்றால் அதில் என் பங்கு உண்டு. ஆனால் இதைச் சொல்லிக் கல்யாண வீட்டில் கை குலுக்க முடியுமா?

சொந்தக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பேதி இலை மருமகன். ஒருமுறை கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடி மக்ரூன் ஒரு பெரிய டப்பா வாங்கிப் போனேன். ஊரே அடித்துப் பிடித்துத் தின்கிற சாமான். என் மாமனார் வீட்டில் மட்டும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "சரக்கு ஒண்ணும் கலக்கலையே?" என்று ஒரு மச்சினன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பெரிய மருமகன் கொண்டுவந்த கேக்கைப் பார்த்தேன். அதில் பாதி ஏற்கெனவே காலியாகியிருந்தது.

அந்தப் பெரிய மருமகன் என் சகலை. மனைவியின் அக்காள் கணவர். அவர் வாங்கி விற்பது நித்தியகல்யாணி. வீட்டு வாசலிலும் கல்லறைத் தோட்டத்திலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்குமே, அதேதான். அதற்கு எங்கள் பக்கம் சுடுகாட்டு மல்லி என்று இன்னொரு பெயர் உண்டு. அவர் முன்னால் நான் அந்தப் பெயரைத்தான் சொல்வேன். அவருக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு எரிச்சல். "ஆமா சகல, சுடுகாட்டுல பூத்ததுதான் இப்ப ஆளை அங்கன போகவிடாம தடுக்கு" என்று சிரிப்பார். இப்படி ஒரு வசனம் என் வாயில் ஒரு நாளாவது சமயத்துக்கு வந்திருக்கிறதா? வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் எனக்குப் பதில் தோன்றும்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை. கார். 'ஆல்கலாய்டு' என்ற சொல்லைத் தன் பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல் ஆசையாகச் சொல்வார். அவரும் அதே காட்டில்தான் சரக்கு எடுக்கிறார், நானும் அதே காட்டில்தான் எடுக்கிறேன். அவர் செடியையும் ஆடு தொடாது, என் செடியையும் தொடாது. அதே வெயில், அதே துறைமுகம். வாசலில் இறங்கும்போது மட்டும் அவர் உயிர் காப்பவர், நான் வயிறு கழுவுகிறவன்.

யோசித்தால் இரண்டு செடிக்கும் ஒரே புத்திதான். ஓட முடியாது, கடிக்க முடியாது. நின்ற இடத்தில் நின்றபடியே ஆட்டிடமும் புழுவிடமும் தப்ப வேண்டும். அதற்காக இலைக்குள் எதையோ சேர்த்து வைத்துக்கொள்கின்றன. நமக்கு வைத்தியம் பார்ப்பது அவற்றின் உத்தேசமே இல்லை. நித்தியகல்யாணி வைத்திருப்பதில் ஒன்று வின்கிரிஸ்டின். ஓயாமல் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுகிற செல்லை, பிரிகிற நேரம் பார்த்து மறித்து நிறுத்திவிடும். லாரி லாரியாக இலையைக் கொண்டுபோய்க் கொட்டினால் ஒரு சிட்டிகை தேறும். அவுரி வைத்திருப்பது சென்னோசைடு. அது இரைப்பையில் வாயைத் திறக்காது, சிறுகுடலிலும் வாயைத் திறக்காது. பெருங்குடல் வரை பொறுமையாக நடந்து போய், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் உடைத்துவிட்ட பிறகுதான் வேலையைத் தொடங்கும். அதனால்தான் ராத்திரி போட்டால் காலையில் கேட்கிறது. எவ்வளவு அடக்கம்! அடக்கமானவனை யார் மதிக்கிறார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் பொறாமையின் ஆணிவேர் அதுதான். மாமனார் என்னிடம் நேராகப் பேச மாட்டார். மருமகனுக்கு மரியாதை அப்படி. "சின்னவருக்குக் காப்பி குடுளா" என்று அத்தையிடம் சொல்வார். "சின்னவரு பைக்கிலயா வந்தாரு?" என்று என் மனைவியிடம் கேட்பார், நான் ஹெல்மெட்டோடு எதிரே நிற்கும்போதே. என் போனில் 'மாமா' என்று பெயர் விழுந்தால் பேசுவது அத்தையாகத்தான் இருக்கும். ஆனால் சகலை வந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அரசியல் பேசுவார். அந்தப் பேப்பர் மடிக்கிற சத்தம் எனக்கு அடுத்த அறையில் கேட்கும்.

போன வருஷம் மழைக்கு முன்னால் மாமனாருக்குக் கழுத்தில் நெறி கட்டியது. பல் வலியால் வந்தது என்று கொஞ்ச நாள் விட்டுவிட்டோம். பிறகு தூத்துக்குடியில் காட்டி, சதை எடுத்துப் பார்த்ததில் லிம்போமா என்று வந்தது. நிணநீர் முடிச்சுகளில் வருகிற புற்றுநோய். டாக்டர் பொறுமையாக விளக்கினார். குணப்படுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, தேதி தவறக் கூடாது, அதுதான் முக்கியம். கடைசியில், எங்களைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, "இதுல ஒரு மருந்து நம்ம ஊர் நித்தியகல்யாணியில இருந்து எடுக்கிறதுதான்" என்றார்.

அறையிலிருந்த எல்லாத் தலையும் என் சகலையின் பக்கம் திரும்பியது. அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமனார் முதல் தடவையாக அன்றைக்குச் சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது. அதில் பாதி மாமனாருக்காக. மீதிப் பாதி எதற்காக என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஊசிக்குக் குடும்பத்தோடு போனோம். சிரிஞ்சில் ஒரு மருந்து நல்ல சிவப்பாக இருந்தது. சகலை அதைப் பார்த்ததும், "பாத்தீங்களா, நம்ம பூ நிறம் அப்படியே எறங்கியிருக்கு" என்று அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இதயமும் கும்பிடு கையும் மழையாகப் பொழிந்தன. நாசரேத்துக்கார நர்ஸ் ஒருத்தர் மெதுவாக, "சார், அது வேற மருந்து. அது மண்ணுல இருக்கிற கிருமியில இருந்து எடுக்கிறது. ஒங்க மருந்து இந்தா, தண்ணி மாதிரி இருக்குல்லா, இது" என்றார்.

என் மனம் துள்ளியது. சகலை முகம் சுருங்கும் என்று பார்த்தேன். சுருங்கவில்லை. "அப்படியா சிஸ்டர்! அப்போ எங்க பூ நெறத்தையும் விட்டுட்டு வந்து வேலை பாக்குதா!" என்றார். நர்ஸ் சிரித்தார், மாமனார் சிரித்தார். அதற்கும் ஒரு போட்டோ. "இது ஒங்க குடோன் இலைதான்னு என்ன நிச்சயம் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நம்ம ஜில்லா இலைன்னு நெனச்சுக்கிட்டா போச்சு" என்றார். இந்த மாதிரி ஆளோடு எப்படிப் பொறாமைப்பட்டு ஜெயிப்பது?

அந்த ஞாயிறு வீட்டில் ஜெபக்கூட்டம். போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தக் குடும்பத்தின் மூத்த மருமகன் மூலமாக நீர் வைத்திருக்கிற அந்தச் சிறிய பூவுக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் ஒரு கண்ணைத் திறந்து காத்திருந்தேன். அவுரியையும் அவர்தானே படைத்தார், மூன்றாம் நாள், மற்றச் செடிகளோடு சேர்த்து? போதகர் மழைக்கும், பேரப்பிள்ளைகளின் படிப்புக்கும், தெருவில் புதிதாகப் போட்ட சிமெண்ட் சாலைக்கும்கூட நன்றி சொல்லிவிட்டு ஜெபத்தை முடித்துவிட்டார்.

இதற்கிடையில் வேம்பாரிலிருந்து என் மனைவியின் சித்தி பஸ் ஏறி வந்து சேர்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய நித்தியகல்யாணி, வேரோடு பிடுங்கியது. "ஆஸ்பத்திரிக்காரன் சொட்டுச் சொட்டாத்தான் ஏத்துவான். நாம ஒரு குண்டான்ல அவிச்சுக் குடுத்துருவோம்" என்று அடுப்படியை நோக்கி நடந்தார். சகலை குறுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார்.

"சித்தி, இது துளசி இல்ல. இதுல நஞ்சும் இருக்கு. பிரிச்சு எடுத்து, அளந்து, ரத்தப் பரிசோதனை பாத்து ஏத்துதாங்க. அப்படியே அவிச்சுக் குடுத்தா கட்டிக்கு முன்னால மாமா போயிருவாரு."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. சித்தி பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார். நானாக இருந்தால் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருப்பேனா என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது. சித்தி என்னைப் பார்த்து, "அப்போ ஒங்க இலையையாவது..." என்று தொடங்கினார். வீடு சிரித்தது. பெரிய மருமகன் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு மரியாதை, சின்ன மருமகன் இலைக்கு ஒரு சிரிப்பு, இரண்டும் ஒரே நாளில்.

சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு மாமனாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு முன்னால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் அதையும் தள்ளிவிட்டார். வயிறு கல் மாதிரி உப்பியது. விக்கல். "வியாதி வயித்துக்கு எறங்கிட்டு" என்று அத்தை மூக்கைச் சிந்தினார். மைனி, அதாவது என் மனைவியின் அக்காள், ராத்திரி பகல் அங்கேயே கிடந்தாள். மூன்றாவது ஊசிக்குத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. சாப்பிடாமல் இப்படியே இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று, கூட்டிப்போய்க் காட்டியபோது ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தேதி தவறக் கூடாது என்று டாக்டர் முதல் நாள் சொன்னது எங்கள் எல்லோர் மண்டையிலும் மணி அடித்தது.

சகலை சுருண்டுவிட்டார். "நம்ம மருந்து கேக்கலையோ சகல" என்று போனில் கேட்டார். இவ்வளவு நாளாக இவர் குரல் ஒருமுறையாவது இப்படி இறங்காதா என்று ஏங்கியவன் நான். இறங்கியபோது எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. வரும் என்று நினைத்துக் கொஞ்சம் காத்துக்கூடப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி குடோனுக்கே வந்தாள். வந்தவள் பேல் கட்டுக்களைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

"அத்தான், ஒரு விஷயம். சொன்னேன்னு யாருட்டயும் சொல்லிராதீங்க."

"சொல்லுளா."

"அப்பா வெளிய போயி ரொம்ப நாளாச்சாம்."

"எங்க வெளிய?"

"அய்ய, வெளிய அத்தான்!"

நான் கையிலிருந்த இலையைக் கீழே போட்டேன். "அன்னைக்கு டாக்டர் மோஷன் போகுதான்னு கேட்டாருல்லா? போகுதுன்னு மாமா சொன்னாங்களே, நான் பின்னாலதான நின்னேன்?"

"நீங்க பின்னால நின்னதாலதான் அப்படிச் சொன்னாங்க. ரெண்டு மருமகனையும் பக்கத்துல வச்சுக்கிட்டு வேற எப்படிச் சொல்லுவாங்க?"

"சரி, எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல? ஊருக்கே அனுப்புதேன்லா நான்!"

அவள் தரையைப் பார்த்தாள். "நீங்க சிரிப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க."

நான் இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அவிழ்த்துவிட்ட நகைச்சுவைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்து முகத்தில் அறைந்தன. அதே நேரம் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எங்கள் சரக்கை வாங்குகிற ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் பேச்சுவாக்கில் சொன்னது. வின்கிரிஸ்டின் செல்லை மட்டும் மறிப்பதில்லை, நரம்பையும் கொஞ்சம் மந்தமாக்கும். விரல் நுனி மரத்துப்போகும். குடல் நரம்பு தூங்கிவிடும். அதனால் அந்த ஊசி போடுகிறவர்களுக்குக் கூடவே சென்னோசைடு மாத்திரையும் எழுதுவது வழக்கம் என்று சொல்லியிருந்தார்.

அப்படியென்றால் எழுதியிருக்க வேண்டுமே?

பைக்கை எடுக்கும் முன் முதல் தர இலையில் ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டேன். சாத்தான்குளத்தில் மாமனார் வீட்டுக்குப் போய், எல்லோரும் பார்க்க, என் கையாலேயே கொதிக்க வைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு காட்சி மனதில் ஓடியது. அதில் பின்னணி இசைகூட இருந்தது. வண்டியை உதைக்கும்போது என் தொழிலே என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. மழைக்குப் பின் பறித்ததற்கு ஒரு வீரியம், காய்ந்த வெயிலில் பறித்ததற்கு ஒரு வீரியம். ஒரு பிடியும் மறு பிடியும் ஒன்றாக இராது என்பதற்காகத்தானே ஒவ்வொரு லோடையும் சோதனைக்கு அனுப்பிவிட்டு நகத்தைக் கடிக்கிறேன்? சித்தியின் பிளாஸ்டிக் பைக்கும் நான் அள்ளிய இந்தப் பிடிக்கும் என்ன வித்தியாசம்? இலையைத் திரும்பக் கொட்டிவிட்டுப் புறப்பட்டேன். பின்னணி இசையும் நின்றுவிட்டது.

மாமனார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மைனி குளிக்கப் போயிருந்தாள். அத்தையிடம் மருந்து டப்பாவைக் கேட்டேன். பழைய பிஸ்கட் டின். உள்ளே எல்லா அட்டையிலும் மாத்திரை குறைந்திருந்தது, ஒரே ஒரு அட்டையைத் தவிர. அது மடிப்புக் கலையாமல், பிரிக்காமல், அடியில் கிடந்தது. திருப்பிப் படித்தேன். சென்னோசைடு.

முதல் நாளிலிருந்தே அது இந்த வீட்டில் இருந்திருக்கிறது. பூவுக்கு ஸ்தோத்திரம் சொன்ன அன்றும், போட்டோ எடுத்த அன்றும், கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கும் சின்ன மருமகன் மாதிரி, டின்னின் அடியில்.

"அத்தை, இது ஏன் அப்படியே இருக்கு?"

"அதுவா? அது சும்மா வயித்துக்கு எழுதினதாம். வந்திருக்கது எவ்வளவு பெரிய வியாதி! இதுல பேதி மாத்திரை வேறயா, ஏற்கெனவே தளந்துபோன மனுஷனுக்குன்னு நான்தான் எடுத்து வச்சேன்."

"அத்தை, பெரிய மருந்து குடலைத் தூங்க வச்சிரும். இது எழுப்பிவிடுததுக்கு. ரெண்டையும் சேத்துத்தான் எழுதியிருக்காங்க."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கிறேனா என்று பார்க்கிறார் என்று புரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டரே எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் கேள்விகளைத் தொடங்கினார். போனை ஸ்பீக்கரில் போடலாமா என்று நினைத்தேன். மாமனார் இருக்கிற நிலையில் அதற்கே உயிர் போய்விடும். நானே கட்டிலருகில் நின்றேன்.

"மாமா, டாக்டர் கேக்காங்க. கடைசியா எப்போ... வெளிய..."

மாமனார் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார்.

"சின்னவருக்குக் காப்பி குடுத்தியாளா?" என்று மாமனார் அத்தையிடம் கேட்டார்.

"காப்பி ஆச்சு மாமா. எப்போ?"

சுவரில் சபைக் காலண்டர் தொங்கியது. மாமனார் அதைப் பார்த்துப் பதில் சொன்னார். "போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு. ஆராதனைக்கு முன்னால."

டாக்டரிடம் சொன்னேன். அவர் அடுத்ததைக் கேட்டார். பெண் கொடுத்த மாமனாரிடம், அதுவும் ஒரு தலைமையாசிரியரிடம், இந்தக் கேள்வியைக் கேட்ட மருமகன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"மாமா, காத்து பிரியுதான்னு கேக்காங்க."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். "பிரியுதுன்னு சொல்லு" என்றார் அத்தையிடம். "பிரியுதாம்" என்றார் அத்தை என்னிடம். "பிரியுதாம்" என்றேன் நான் டாக்டரிடம்.

வாந்தி இல்லை, வலி இல்லை என்பதையும் இதே தபால் வழியில் தெரிவித்தோம். டாக்டர் மூச்சு விட்டார். எழுதியபடி மாத்திரையை இன்றைக்கே தொடங்குங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள், வாந்தியோ வலியோ வந்தால் அந்த நிமிஷமே கூட்டி வாருங்கள், எப்படியும் காலையில் நான் வயிற்றைப் பார்க்க வேண்டும் என்றார். "ஆனா நான் கேட்டப்ப நல்லாப் போகுதுன்னு சொன்னாரே?" என்று கேட்டார்.

மாமனார் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் என் பக்கம் இருந்தது.

"மருந்து மயக்கத்துல மறந்துட்டாங்க டாக்டர்" என்றேன்.

மாமனார் காலண்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நேராக. பெண் பார்க்கப் போன அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

மாத்திரையைக் கையில் வைத்தேன். சும்மா இருக்க முடியுமா? "நம்ம ஜில்லா இலைதான் மாமா. இங்கன இருந்து கப்பலேறிப் போயி மாத்திரையா திரும்பி வந்திருக்கு" என்றேன். சகலையை எந்த வசனத்துக்காகக் கிண்டல் செய்தேனோ அதே வசனம். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையின் முன்னும் பின்னும் விடைத்தாள் மாதிரி படித்தார்.

"எங்கயும் சாத்தான்குளம்னு போடலியே" என்று அத்தையிடம் சொன்னார். பிறகு விழுங்கினார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏற்றுமதிக் கப்பல் கிளம்பும் இரவுகளில்கூட நான் குறட்டை விடுகிறவன். விடியும்போது போன் அடித்தது. 'மாமா' என்று விழுந்தது. அத்தை என்ன சொல்லப் போகிறாரோ என்று எடுத்தேன்.

"மருமகனே."

அத்தை இல்லை. நான் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். லுங்கியைச் சரிசெய்துகொண்டேன்.

"சொல்லுங்க மாமா."

"போயாச்சு."

"நல்லாவா மாமா?"

"நல்லா."

போன் துண்டிக்கப்பட்டது. என் மனைவி பயந்துபோய் எழுந்து, "என்ன அத்தான், ஏன் கண்ணு இப்படி இருக்கு, அப்பாவுக்கு என்ன?" என்று உலுக்கினாள். விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கா அழுதீங்க?" என்று கேட்டுவிட்டு அவளும் அழுதாள். இப்படியொரு செய்திக்காக ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் உட்கார்ந்து அழுதது வேறு எந்த வீட்டிலாவது நடந்திருக்குமா தெரியவில்லை.

காலையில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். மாத்திரையை விடாமல் போட வேண்டும், அளவை நான் பார்த்துக் கூட்டிக் குறைப்பேன், வியாதி வயிற்றுக்கு இறங்கியதற்கு ஒரு அடையாளமும் இல்லை என்றார். மாமனார் அன்றைக்கு இட்லி தின்றார். அதற்கடுத்த சில நாளில் கஞ்சியைத் தாண்டி மீன் குழம்பு வரை வந்துவிட்டார். மூன்றாவது ஊசி குறித்த தேதியிலேயே ஏறியது.

அன்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எங்களைப் பார்த்து யார் யார் என்று விசாரித்தார். "மூத்தவரு" என்று மாமனார் தொடங்கினார். "இந்த ஊசியே அவரு ஏத்துமதி பண்ணுத இலையிலதான் வருது." அந்த மனிதர் படுத்தபடியே சகலையைக் கும்பிட்டார். "இவரு?" என்று என்னைக் காட்டினார். மாமனார் என்னைப் பார்த்தார்.

"இவரு சின்னவரு" என்றார். "இவரும் இலைதான்."

கை அசையவில்லை. அன்று அது ஊசி ஏறுகிற கை, அசைக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் வராந்தாவுக்கு வந்து நின்றேன். பின்னாலேயே சகலை வந்தார். கைப்பிடிச் சுவரில் என் பக்கத்தில் சாய்ந்துகொண்டார்.

"சகல, அன்னைக்கு விடியக்காலம் மாமா ஒங்களுக்குப் போன் போட்டாராமே?"

"ஆமா அண்ணாச்சி."

"அவரேவா?"

"அவரேதான்."

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "எனக்கு ஒரு நாளும் போட்டதில்ல. நேர்ல பாத்தா பேப்பர்ல உள்ளதைப் பேசுவாரு. அதோட சரி. மருமகனேன்னு கூப்பிட்டாராமே, ஒங்க மைனி சொன்னா. அப்படி என்ன சொன்னாரு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்து வருகிற முகம். மைனி பாதியைச் சொல்லிவிட்டு மீதியைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள் என்று புரிந்தது. ஒரே ஒரு சொல்தான். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் வராந்தா அதிரச் சிரித்திருக்கலாம்.

"அது எங்களுக்குள்ள உள்ள விஷயம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு, "காப்பி வாங்கிட்டு வாரேன்" என்று கீழே இறங்கினார். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொல்லி மேலிருந்தே குரல் கொடுத்தேன்.